பச்சை சுட்ட அட்டை

அத்தியாயம் ஏழு

கதவு மூடிக்கொண்டபோது பெரிய சத்தம் எதுவும் எழவில்லை. எண்ணெய் போட்ட இரும்புக் கதவு. 'டொக்' என்றது. அவ்வளவுதான்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்புறத்தில் கைப்பிடி இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரத் துளை இருந்தது.

"ஹெர் ரோட்மன்?" சுபானி துளையில் வாயை வைத்து ஜேர்மன் மொழியில் கூப்பிட்டாள். "கதவு சாத்திக்கொண்டது. நாங்கள் உள்ளே இருக்கிறோம்."

மேலே படிகளில் காலடிச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாத நடை. பிறகு அதுவும் நின்றது.

"கேட்டிருக்காது போல," என்றான் டெனிஸ்டன்.

"கேட்டது," என்றான் பென்ஜமின்.

சுபானி சிக்னல் தேடிக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி அறையைச் சுற்றி வந்தாள். "நெற்ஸ் இல்லை. பேர்லினில வீடு எடுக்கேலாது எண்டு எல்லாரும் அழுகினம். எங்களுக்குப் பாருங்கோ, வாடகையில்லாமல் ஒரு கெல்லர்."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. துப்பறிவாளன் பென்ஜமினிடம் உதவியாளாகச் சேர்ந்த நாளிலிருந்து சிரிக்காத மனிதனுக்குப் பகிடி விட்டுப் பழகியிருந்தாள்.

அது பழைய வரைபட வியாபாரி ரோட்மனின் நிலவறை. ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு மேசை. மூலையில் சாம்பல் நிறப் போர்வை போர்த்திய தாழ்வான இருக்கை வாங்கு ஒன்று. நான்கு சுவர்களிலும் சட்டம் போட்ட நகர வரைபடங்கள். நியூரன்பேர்க், ஆக்ஸ்புர்க், கேல்ன், லூபெக். நானூறு வருடத்துக்கு முந்தைய ஊர்கள். எல்லா ஊரையும் சுற்றி மதில்.

"ஒவ்வொரு ஊருக்கும் எத்தினை வாசல் எண்டு பாருங்கோ," என்றாள் சுபானி. "எங்களுக்கு ஒண்டே ஒண்டு. அதுக்கும் பிடியில்லை."

"இரும். ஆறு மணிக்கு வருவார்," என்றான் பென்ஜமின்.

"தனியவோ?"

"இல்லை. பொலிசோட."

டெனிஸ்டன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

அவன்தான் இந்த முறை பென்ஜமினின் கட்சிக்காரன். மன்னார்ப் பக்கத்தவன். நொய்கெல்னில் யோகலிங்கம் என்பவரின் கடையில் படங்களுக்குச் சட்டம் போடும் வேலை. போன மாதம் ரோட்மன் ஒரு வரைபடத்தை விற்றார். வூர்ட்ஸ்புர்க் நகரம், மேலே பறக்கும் பறவையின் கண்ணுக்குத் தெரிவது போல. செப்புத்தகட்டில் வெட்டி அச்சிட்டு, அந்தக் காலத்திலேயே கையால் நிறம் தீட்டியது என்று சொல்லி விற்றார். ஒப்படைக்குமுன் புதுச் சட்டம் போடக் கொடுத்தார். டெனிஸ்டன் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டான். படம் கடையிலிருந்து நேரே வாங்கியவரிடம் போனது.

அங்கே ஏலர்ஸ் என்ற நிபுணர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். தாளின் ஓரத்தில் ஒரு புழு ஓட்டை. அது ஓட்டை இல்லை. ஓட்டையின் படம். மொத்த வரைபடமும் நகல்.

தான் கொடுத்தது மூலம் என்றார் ரோட்மன். கடையில்தான் மாறியிருக்கிறது. அங்கே அதில் கை வைத்தவன் ஒருவன்தான்.

இன்று மாலை ஆறு மணிக்குப் பொலிசை இங்கேயே வரவழைத்து முறைப்பாடு கொடுக்கப் போவதாக அவர் சொல்லியிருந்தார். நாளைக் காலை டெனிஸ்டனுக்கு அரச அலுவலகத்தில் டெர்மின், முன்பே குறித்துக் கொடுத்த நேரம். ஜேர்மன் குடியுரிமைப் பத்திரத்தைக் கையில் கொடுக்கும் டெர்மின். அதற்குள் பொலிஸ் விசாரணை ஒன்று தொடங்கினால் அந்தப் பத்திரம் மேசையின் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடும். எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"வெள்ளை சேர்ட் ஒண்டு அயர்ன் பண்ணி வைச்சிருக்கிறன், அண்ணை," என்றான் டெனிஸ்டன். யாரும் கேட்காமலே சொன்னான்.

பென்ஜமின் மேசையிலிருந்த பையைப் பார்த்தான். அதற்காகத்தான் மூவரும் இங்கே இறங்கினார்கள்.

"பழைய சாமானை எல்லாம் இதுக்குள்ள போட்டனீரோ?"

"ஓம். பழைய பிறேம், பின்னட்டை, ஆணி, எல்லாம். எறியக் கூடாது. பையில போட்டு உரிய ஆளிட்டத் திருப்பிக் குடுக்கிறது எங்கட கடை வழமை."

"பின்னட்டையைப் பாத்தனீரோ?"

"படத்தைக் கழட்டேக்க பாத்தன். பழைய மட்டை. முழுக்க ஒரே நிறம்."

"நிழல் மாதிரி ஏதும்?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப திறவும்."

பென்ஜமின் தேடி வந்தது அந்த மட்டையைத்தான். பழைய காலத்துப் பச்சையைச் செம்பிலிருந்து செய்தார்கள். அந்தப் பச்சை வருடக்கணக்கில் தாளை மெல்லச் சுடும். தாளைத் தாண்டி, பின்னால் இருக்கும் அட்டையையும் சுடும். புல்வெளி தீட்டிய இடத்தில் புல்வெளியின் வடிவிலேயே பழுப்பு நிழல் விழும். நகலில் பூசிய அச்சகத்துப் பச்சை அப்படிச் சுடாது.

இதை அவனுக்குச் சொன்னவள் கவிசா. அவன் மனைவி. பழைய தாள்களைச் சீர்செய்வது அவள் வேலை. சாப்பிடும்போது சொல்வாள். அவன் பாதியைக் கேட்பான். அவள் இறந்துபோய் இரண்டு குளிர்காலம். அந்தப் பாதிதான் இப்போது கைவசம் இருந்தது. அவளுடைய லென்ஸ் அவன் சட்டைப் பையில் கிடந்தது.

"சுருக்கமாச் சொல்லுங்கோ," என்றாள் சுபானி. "மட்டையில நிழல் இருந்தா?"

"அதுக்கு மேல மூலம் இருந்திருக்கு. அப்ப கடையில மாறினது."

"இல்லாட்டி?"

"ஆதியிலயிருந்தே நகல்தான். டெனிஸ்டன் வீட்ட போகலாம்."

"கதவு திறந்தா," என்றாள் சுபானி.

பையின் வாயில் காகித ஒட்டுநாடா இருந்தது. டெனிஸ்டன் அதைக் கிழித்தான். பழைய சட்டத்தின் நான்கு மரத்துண்டுகளை வெளியே வைத்தான். பிறகு மட்டையை இழுத்தான். கண்ணாடியைத் தூக்குவது போல இரண்டு உள்ளங்கைகளால் பிடித்து மேசையில் வைத்தான்.

பிறகு ஓரடி பின்னால் விலகினான்.

மட்டையில் நிழல் இருந்தது.

ஒரு பக்கத்தில் பெரிய பழுப்புத் திட்டு, மலைச்சரிவு போல. நடுவில் வெறுமை. மறுபக்கத்தில் மதிலோரத் தோட்டங்கள் போலச் சின்னச் சின்னக் கட்டங்கள். சுபானி கைப்பேசியில் வைத்திருந்த வரைபடத்தின் படத்தைத் திறந்து பக்கத்தில் பிடித்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டை மலை, மலை முழுக்கத் திராட்சைத் தோட்டம். இந்தப் பக்கம் நகரம். மட்டையில் இருந்த வடிவம் அதே வடிவம்.

"பச்சை இருக்கிற இடம் எல்லாம் சுட்டிருக்கு," என்றாள். அவள் குரலில் பகிடி இல்லை.

"ஆனால் பக்கம் மாறிக் கிடக்கு," என்றான் பென்ஜமின். "படத்தில மலை இடப்பக்கம். மட்டையில வலப்பக்கம்."

"முத்திரை குத்தினா மாறித்தானே விழும், அண்ணை." அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிப் பிரித்துக் காட்டினாள். "இடக்கைப் பெருவிரலும் வலக்கைப் பெருவிரலும் மாதிரி. ஒண்டில ஒண்டு ஒட்டினா திரும்பித்தான் பதியும்."

பென்ஜமின் தன் கைகளைப் பார்த்தான். தலையாட்டினான்.

"இது இருக்கேல்ல," என்றான் டெனிஸ்டன். "மாதா மேல சத்தியமா இருக்கேல்ல."

"நீங்க வடிவாப் பாக்கேல்லையோ?" சுபானி மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஒரு நாளைக்குப் பதினைஞ்சு மட்டை பாக்கிறன். ஊத்தை மட்டையைப் புதுப் படத்துக்குக் கிட்டயும் விடமாட்டன். இப்பிடி ஒரு கறை இருந்திருந்தா யோகலிங்கம் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பன். நீங்களும் என்னை நம்பேல்ல, என்ன?"

பதில் சொல்ல வேண்டியவன் பென்ஜமின். அவனோ சுவரிலிருந்த நியூரன்பேர்க்கை லென்ஸால் பார்க்கப் போய்விட்டான். சேதம் மதிப்பிட வந்து, வீட்டுக்காரர் அழத் தொடங்கியதும் சுவரை அளக்கும் ஆள் போல இருந்தது. காப்புறுதி நிறுவனத்தில் முன்பு அவனுக்கு அதுதான் வேலை.

நேரம் போனது. குளிர் ஏறியது. சுபானி மூலையிலிருந்த வாங்கில் போய்க் குந்தினாள்.

"இதெல்லாம் விலை கூடின சாமானோ, அண்ணை?" சுவர்களைக் காட்டிக் கேட்டாள்.

"இல்லை. எல்லாம் நகல்."

"எல்லாமோ?"

"நூறு வருசத்துக்கு முந்திக் காசுக்கார வீடு எண்டா சுவரில ஒரு பழைய ஊர் தொங்கோணும். அதுக்காகப் பழைய பெரிய புத்தகங்களை உடைச்சு, தாள் தாளா வித்தாங்கள். அது காணேல்ல. அதால நகல் அடிக்கத் தொடங்கினாங்கள். நல்ல நகல். கறை, மடிப்பு, புழு ஓட்டை எல்லாம் சேர்த்து."

"ஏமாத்தவோ?"

"இல்லை. நகல் எண்டு சொல்லித்தான் வித்தவை. கீழ ஓரத்தில அச்சகத்தின்ர பேர் இருக்கும். பிறகு ஆரோ ஓரத்தை வெட்டிப் பிறேம் போடுவினம். வாங்கின ஆள் செத்துப்போவார். பிள்ளையள் மூலம் எண்டு நினைப்பினம்."

"நகலுக்கு வயசு போனால் அதுவும் பெரிய மனுசர் மாதிரி நடக்கத் தொடங்கியிடும்," என்றாள் சுபானி.

பென்ஜமின் லென்ஸைத் தாழ்த்தினான். நியூரன்பேர்க்கின் கீழ் ஓரம் வெட்டப்படாமல் இருந்தது. அங்கே எறும்பளவு எழுத்துகளில் 'கல்லச்சு' என்று ஜேர்மனில் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெயர். அவன் அதை இரண்டு தரம் வாசித்தான்.

"உடைச்சுப் போடுவம்," என்றான் டெனிஸ்டன்.

இருவரும் திரும்பினார்கள். அவன் மட்டையைக் கையில் எடுத்திருந்தான்.

"இது இல்லாட்டி அவரிட்ட என்ன சாட்சி? அவர் சொல்லுவார் மூலம் எண்டு. நான் சொல்லுவன் இல்லையெண்டு. பழைய மட்டை, அண்ணை. முழங்காலில வைச்சா முறிஞ்சிடும். துண்டு துண்டாக்கி இந்தப் பிறேமுகளுக்குப் பின்னால செருகிவிடலாம்."

"வையும்."

"நாளைக்குக் காலமை எனக்கு டெர்மின்."

"தெரியும். வையும்."

"உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க இஞ்ச பிறந்தனீங்கள். உங்கட பேப்பர் உங்களோட பிறந்தது."

சுபானி எழும்பப் பார்த்தாள். பென்ஜமின் கையால் தடுத்தான். டெனிஸ்டனுக்கு எதிரே போய் நின்றான். குரலை உயர்த்தவில்லை.

"பை மேல கடையில இருந்திருக்கலாம். இந்த நிலவறைக்கு ஏன் வந்தது? எங்களை உள்ள விட்டிட்டு அவர் ஏன் மேல போனவர்? கதவுக்கு ஏன் பிடியில்லை?"

டெனிஸ்டன் விழித்தான்.

"ஆறு மணிக்குக் கதவு திறக்கேக்க மட்டை முழுசா இருந்தா, குற்றவாளியின்ர ஆக்களே சாட்சி கண்டுபிடிச்ச மாதிரி. உடைஞ்சிருந்தா, குற்றவாளி சாட்சியை அழிச்ச மாதிரி. ரெண்டிலயும் அவருக்கு நட்டமில்லை. உடைச்சால் இன்னும் நல்லது."

டெனிஸ்டனின் கை இறங்கியது. மட்டை மேசைக்குத் திரும்பியது.

"எலிக்கூட்டில எலி நிக்குது," என்றாள் சுபானி. "மட்டைதான் கருவாடு."

அவள் கைப்பையைத் திறந்தாள். நொய்கெல்ன் கடையில் வாங்கிய காகிதப் பொதி ஒன்றை எடுத்தாள். ரோல்ஸ். எண்ணெயில் பொரித்தவை. மதியம் மூன்று வாங்கியிருந்தாள். ஒன்றைத் தின்றுவிட்டிருந்தாள்.

"சாப்பிடுங்கோ, டெனிஸ்டன். பசியில அழுதா கூடத் தலையிடிக்கும். அண்ணைக்குக் கேக்கத் தேவையில்லை. காத்தைக் குடிச்சுச் சீவிக்கிறவர்."

டெனிஸ்டன் ஒன்றை எடுத்தான். கடித்தான். பிறகு ஆட்டிறைச்சியோ என்று கேட்டான். மீன் என்றாள். தவக்காலம், இறைச்சி தின்பதில்லை, அதனால் நல்லது என்றான். அந்த அறையில் முதல்தடவையாக ஒருவர் சாதாரணமாகப் பேசியது அதுதான்.

சுபானி தன் ரோல்ஸைத் தின்று முடித்துப் பொதியைக் கசக்கினாள். மடியில் விரித்திருந்த ரிசுத் தாளை எடுத்து வாயைத் துடைக்கப் போனாள்.

"பொறும்," என்றான் பென்ஜமின்.

"என்ன?"

"ரோல்ஸ் பொதிக்குள்ள எந்தப் பக்கம் கிடந்தது?"

அவள் அவனைப் பார்த்தாள். "இடப்பக்கம். ஏன்?"

"பொதிக்குக் கீழ ரிசு?"

"ஓம். பாவாடையில எண்ணெய் படும் எண்டு விரிச்சனான். இது என்ன விசாரணை? பொதியையும் வேணுமெண்டா எடுங்கோ."

பென்ஜமின் பொதியை வாங்கி விரித்தான். இடப்பக்கத்தில் எண்ணெய். ரிசுவை வாங்கி அதன் கீழ் வைத்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் லென்ஸோடு வைத்தான்.

"என்ர வாழ்க்கையில முதல்தரம் ஒரு ஆம்பிளை நான் வாய் துடைக்கிற ரிசுவைப் பத்திரப்படுத்துறார்," என்றாள் சுபானி டெனிஸ்டனிடம். "அதுவும் இந்தாள்." வாங்கில் இருந்தபடியே நெளிந்தாள். "சீ, ஐஸ் மாதிரி. மர வாங்கு இப்பிடிக் குளிருமோ?"

"குளிராது," என்றான் பென்ஜமின்.

அவன் குனிந்து போர்வையின் ஓரத்தைத் தூக்கினான். பார்த்தான். மறுபடி மூடினான்.

"அதிலயே இரும்," என்றான். "நான் சொல்லுமட்டும் எழும்பாதேயும்."

படிகளில் காலடிகள் கேட்டன. இம்முறை பல கால்கள்.

கதவு திறந்தது. முதலில் ரோட்மன். எழுபது வயதிருக்கும், கோடு போட்ட வெல்வெட் கோட், வாரிய வெள்ளை முடி. அவருக்குப் பின்னால் ஏலர்ஸ், உயரமான பெண், கையில் தட்டையான பெட்டி. கடைசியாக ஓர் இளம் பெண் பொலிஸ்.

"மன்னியுங்கள்," என்றார் ரோட்மன். "இந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன்." அவர் கண் மேசைக்குப் போனது. மட்டை முழுதாகக் கிடந்தது. முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் வந்து போனது. "ஓ. நீங்களே எடுத்துவிட்டீர்கள்."

"எடுத்துவிட்டோம்," என்றான் பென்ஜமின். "நிழல் இருக்கிறது. பச்சை சுட்ட நிழல்."

"அப்படியென்றால் இந்த மட்டையின் மேல் மூலம்தான் இருந்திருக்கிறது." ரோட்மன் பொலிஸ்காரியின் பக்கம் திரும்பினார். "அதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்."

பொலிஸ்காரி டெனிஸ்டனைப் பார்த்தாள். டெனிஸ்டன் பென்ஜமினைப் பார்த்தான்.

"நகலைப் பக்கத்தில் வைக்க முடியுமா?" பென்ஜமின் ஏலர்ஸிடம் கேட்டான்.

அவர் பெட்டியைத் திறந்தார். வூர்ட்ஸ்புர்க். இடப்பக்கம் கோட்டை மலை, பச்சை பச்சையாகத் திராட்சைத் தோட்டம். நடுவில் ஆறு. வலப்பக்கம் கோபுரங்கள். ஏலர்ஸ் மட்டையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் புருவம் சுருங்கியது.

"மலை மறுபக்கத்தில் விழுந்திருக்கிறதே."

"அது அப்படித்தான் விழும்," என்றார் ரோட்மன் உடனே. "எது எதைத் தொட்டாலும் பதிவது திரும்பித்தான் பதியும். என் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மூன்று தலைமுறை அச்சுத் தொழில்."

"நன்றி," என்றான் பென்ஜமின். "அதைத்தான் உங்களிடம் கேட்க இருந்தேன்."

சட்டைப் பையிலிருந்து பொதியையும் ரிசுவையும் எடுத்தான். மேசையில் விரித்தான்.

"இது சாப்பாட்டுப் பொதி. ரோல்ஸ் இடப்பக்கத்தில் இருந்தது. எண்ணெய் காகிதத்தைத் தாண்டி அடியில் இருந்த ரிசுவில் இறங்கியது. ரிசுவில் எந்தப் பக்கம்?"

பொலிஸ்காரி குனிந்து பார்த்தாள். "இடப்பக்கம்."

"திரும்பவில்லை."

ஏலர்ஸ் கண்ணை மூடித் திறந்தார். "நான் ஒரு முட்டாள்," என்றார். "அச்சில், மை பூசிய முகம் தாளைத் தொடுகிறது. அதனால் திரும்புகிறது. இங்கே மட்டையைத் தொடுவது வரைபடத்தின் முதுகு. நிறம் நேராக ஊடுருவி இறங்கும். மலை இடப்பக்கம் என்றால் நிழலும் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும்."

"இது ஊடுருவி இறங்கவில்லை. வரையப்பட்டது," என்றான் பென்ஜமின். "வரைந்த கை ஓர் அச்சுக்காரனின் கை. யோசிக்காமல் திருப்பிவிட்டது. படத்துக்குச் சட்டம் போடுகிறவன் எதையும் திருப்ப மாட்டான். அவன் நாள் முழுக்கத் தாளின் முதுகைத்தான் மட்டையில் வைக்கிறான்."

ரோட்மன் சிரிக்க முயன்றார். "அப்படியானால் அந்த இளைஞன் அவசரத்தில் தவறாக—"

"தன்னைத் தானே மாட்டிவிடவா? இந்த நிழல் இருந்தால் மாட்டுவது அவன். இல்லாவிட்டால் அவன் வீட்டுக்குப் போவான். பை அவன் கையை விட்டபிறகு யாரிடம் இருந்தது?"

சுபானி குனிந்து மட்டையை மோந்தாள்.

"தேநீர்," என்றாள் ஜேர்மனில். "மாமாவின் உணவகத்தில் வேலை செய்தவள் நான். பால் விடாதது."

"மூலம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது," என்றார் ரோட்மன். குரல் இறுகியிருந்தது. "என் தாத்தா காலத்திலிருந்து."

"சுபானி," என்றான் பென்ஜமின். "இப்ப எழும்பும்."

அவள் எழுந்தாள். பென்ஜமின் போர்வையை இழுத்தான்.

அது வாங்கு இல்லை. இரண்டு மரக் கட்டைகளின் மேல் கிடந்த ஒரு கல். வழவழப்பான, வெளிர்மஞ்சள் நிற அச்சுக் கல். நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். அதன் முகத்தில் கறுப்பு மெழுகுக் கோடுகளில் ஒரு நகரம். ஆறு, கோபுரங்கள், மலை. மலை வலப்பக்கத்தில். கீழ் ஓரத்தில் எறும்பளவு எழுத்துகள் திரும்பிக் கிடந்தன. கல்லச்சு, ரோட்மன்.

பென்ஜமின் லென்ஸை ஏலர்ஸிடம் நீட்டினான். அதைக் கையை விட்டுக் கொடுக்க ஒரு கணம் எடுத்தது. அவர் மண்டியிட்டுக் கல்லின் ஓரத்தைப் பார்த்தார்.

"புழு ஓட்டை," என்றார். "அதே இடம். அதே வடிவம்."

"கல்லையும் தின்னிற புழு," என்றாள் சுபானி தமிழில். "அதுக்கு மேலதான் நான் இவ்வளவு நேரமும் குந்தியிருந்து ரோல்ஸ் சாப்பிட்டனான்."

"வரைபடம் வாங்கியவரிடம் இருந்தது," என்றான் பென்ஜமின். "நிழலை வரைய உங்களிடம் மாதிரிக்கு இருந்தது இந்தக் கல் மட்டும். கல்லில் மலை வலப்பக்கம். உங்கள் பழக்கமும் அதுதான் சரி என்றது. இரண்டும் சேர்ந்து உங்களை ஏமாற்றிவிட்டன."

ரோட்மன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து அதன் ஓரத்தைக் கையால் தடவினார்.

"விற்கும்போது எனக்குத் தெரியாது," என்றார் கடைசியில். "நம்புங்கள். சாப்பாட்டு அறையில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைக் காட்டி, மற்றதெல்லாம் நாங்கள் அடித்தவை, இது மட்டும் உண்மை என்பார். அவருக்கும் அவருடைய அப்பா அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். ஏலர்ஸ் தொலைபேசியில் புழு ஓட்டையைச் சொன்ன அன்று இறங்கி வந்து இந்தக் கல்லைத் துடைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் உண்மை என்று ஒன்றுமே இருக்கவில்லை."

"அன்றே அதைச் சொல்லியிருக்கலாம்," என்றார் ஏலர்ஸ்.

"மூன்று தலைமுறைப் பெயர்."

"அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது," என்றான் பென்ஜமின். "டெனிஸ்டன்."

ரோட்மன் முதல்தடவையாக டெனிஸ்டனின் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொலிஸ்காரி அவர் முழங்கையைத் தொட்டு, மேலே போய்ப் பேசலாம் என்றாள். போகுமுன் டெனிஸ்டனிடம் திரும்பினாள்.

"உங்கள் அடையாள அட்டை வேண்டும்."

டெனிஸ்டன் பணப்பையிலிருந்து வதிவிட அட்டையை எடுத்துக் கொடுத்தான். அவள் பெயரைக் குறித்துக்கொண்டாள்.

"எதற்கு?" என்று கேட்டான்.

"சாட்சி."

"சாட்சி மட்டுமா?"

"மட்டும்தான்." அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "அடுத்த வாரம் வாக்குமூலத்துக்குக் கூப்பிடுவோம். முகவரி இதேதானே?"

"முகவரி இதேதான்," என்றான் டெனிஸ்டன். "அட்டை வேறாக இருக்கும்."

அவர்கள் மேலே போனார்கள். ஏலர்ஸ் லென்ஸைத் திருப்பிக் கொடுத்து, நல்ல லென்ஸ், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். என்னுடையது இல்லை என்றான் பென்ஜமின். அவர் மேலே கேட்கவில்லை.

சுபானி கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்றாள். "அண்ணை, கதவு திறந்து கிடக்கு. இன்னும் என்ன உள்ள?"

"ஓம்," என்றான் பென்ஜமின். அவன் அசையவில்லை. சுவரில் ஊர்கள் மதிலுக்குள் கிடந்தன.

டெனிஸ்டன் கதவின் வெளிப்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். பக்கச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு கைப்பிடி தொங்கியது. அவன் அதை எடுத்தான். வேலைக் கால்சட்டையின் பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்தான். உள்ளே வந்து சதுரத் துளையில் கைப்பிடியைச் செருகினான்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் சுபானி. "அந்தாளின்ர கதவு."

"இனி ஆராவது உள்ள நிண்டா?"

இரண்டு திருகாணிகள். அவன் இறுக்கினான். ஆட்டிப் பார்த்தான். பிறகு கதவை இழுத்துச் சாத்தினான்.

'டொக்.'

உள்ளே அவனும் பென்ஜமினும் மட்டும். வெளியே சுபானி ஏதோ திட்டினாள். சொற்கள் கேட்கவில்லை.

டெனிஸ்டன் விலகி நின்றான். "நீங்க திறவுங்கோ, அண்ணை."

பென்ஜமின் கைப்பிடியில் கையை வைத்தான். இரும்பு குளிர்ந்தது. அழுத்தினான். அது இறங்கியது.

வெளியே சுபானி இடுப்பில் கையை வைத்து நின்றாள். இருவரையும் பார்த்தாள். டெனிஸ்டனின் விரல்களைப் பார்த்தாள்.

"கையெல்லாம் கிறீஸ்," என்றாள். "போய்க் கழுவுங்கோ. நாளைக்கு அந்தக் கையாலதான் பேப்பர் வாங்கோணும்."